வேலியில் படரும் பழைய ரோஜா



பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திட எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு தாய், காரியம் முடிந்த பிறகும் போகாமல் தயங்கி நின்றார். என்ன செய்தி என்று கேட்டேன். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. பாசார் மாலாமில காசு கொடுத்து ரோஜாச் செடி வாங்குறேன். வாங்கும்போது நாலு பூ இருக்கு. மூனு மாசத்துல வெறும் குச்சியா நிக்குது. ஒரு தடவை இல்ல, நாலு தடவை ஆயிடுச்சி. எனக்குக் கைராசி இல்லையா?" என்றார்.

அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்லப் போகிறேன். கைராசியில் ஒரு குறையும் இல்லை. நாம் வாங்கும் செடி எங்கே பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சந்தையில் விற்கும் பூச்செடிகளில் பல கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் வளர்க்கப்பட்டவை. அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இரவில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. நம் தோட்டங்களிலோ விடியற்காலையில்கூட 23, 24 பாகை வெப்பம் இருக்கும். பகலில் 32, 33ஐத் தொடும். போதாக்குறைக்கு மழை, ஈரக்காற்று. மலையில் வளர்ந்த பிள்ளையைக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்தி வைத்தால் வாடாமல் என்ன செய்யும்?

அப்படியானால் சமவெளியில் ரோஜாவே வளராதா? நன்றாக வளரும். எந்த ரோஜா என்பதுதான் கேள்வி.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். எங்கள் லயத்து வீட்டு வாசலில், கம்பி வேலியோடு வேலியாக, ஒரு பன்னீர் ரோஜாவை வளர்த்து வைத்திருந்தார். இளஞ்சிவப்பு நிறம். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்தால் கை நிரம்பாது. ஆனால் வாசனை வாசற்படி தாண்டி உள்ளே வரும். காலையில் பிரட்டுக்குப் போகும்போது இருட்டில் செடி தெரியாது, மணம் மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படத்துக்கு நாலு பூ, கூடவே நடக்கும் சிநேகிதி கொண்டைக்கு ஒரு பூ. அந்தச் செடிக்கு யாரும் கடையில் உரம் வாங்கிப் போட்டதில்லை. இருந்தும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கே பூத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பழைய ரோஜாக்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் ஒரு மழை நாளில் தற்செயலாகப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஐரோப்பாவில் முற்காலத்தில் இருந்த ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். அதற்கும் பனிக்காலம் ஒன்று வந்து போக வேண்டும். சீன நாட்டு ரோஜாக்களோ பருவம் பாராமல் திரும்பத் திரும்பப் பூப்பவை. 1790களுக்கும் 1824க்கும் இடையில் நான்கு சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றோடு மேற்கின் மணமுள்ள ரோஜாக்கள் கலந்தபோது, மணமும் இருக்கும், மாதாமாதம் பூவும் இருக்கும் புதிய குடும்பங்கள் பிறந்தன.

அவற்றில் ஒரு குடும்பம் பிறந்த இடத்தைக் கேளுங்கள். இந்தியப் பெருங்கடலில் ரெயூனியன் என்று ஒரு தீவு. அன்று அதற்குப் பூர்போன் தீவு என்று பெயர். அங்கே வயல்களுக்கு வேலியாக இரண்டு வகை ரோஜாக்களை நட்டிருந்தார்கள். ஒன்று சீன ரோஜா, மற்றொன்று அத்தர் மணமுள்ள டமாஸ்க் ரோஜா. இரண்டும் தாமாகவே கலந்து, 1817 வாக்கில் புதிதாக ஒரு செடி வேலியில் தென்பட்டது. அதன் விதை பிரான்சுக்குப் போய், பூர்போன் ரோஜா என்ற குடும்பமே உருவாயிற்று. பின்னர் அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் கொண்டு செல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டில் எட்வர்டு ரோஜா என்று மாலைக்காரர்கள் சொல்லும் செடி இந்தப் பூர்போன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பன்னீர் ரோஜா என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் புழங்குகின்றன. பெயரை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். தோட்டத்து வேலியில் பிறந்த செடி நம் தோட்டத்து வேலிக்கு வந்து சேர்ந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

இன்னொரு குடும்பம் நுவாசெட். இது 1800களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு அருகே, ஜான் சாம்ப்னீஸ் என்ற நெல் பண்ணைக்காரரின் தோட்டத்தில் தோன்றியது. உண்மையிலேயே கொடியாக ஏறக்கூடியது; கொத்துக் கொத்தாகப் பூக்கும்; வெப்பம் தாங்கும். 1864இல் வந்த மரேஷால் நீல் என்ற மஞ்சள் கொடி ரோஜா இந்தக் குடும்பத்தில் பேர்போனது. இவை நம் ஊர்ச் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தால் விடாதீர்கள். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குளிர்நாட்டுக் கொடி ரோஜாவை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வேலி நிறைய இலை இருக்கும், பூவுக்காகக் காத்திருந்து கண் பூத்துப்போகும்.

இப்போது மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் பூங்கொத்தாக விற்கும் ரோஜாவுக்கு ஏன் வாசனை இல்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெட்டியில் அடைத்துத் தூர தேசத்துக்கு அனுப்பவும், ஒரு வாரம் வாடாமல் நிற்கவும் அதைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். வாசனையை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது வழியில் தொலைந்துவிட்டது. 2015இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள், மணமுள்ள ரோஜாவின் இதழில் மணப் பொருள் உண்டாக உதவும் ஒரு நொதியைக் கண்டுபிடித்தார்கள். மணமில்லாத ரோஜாவில் அது வேலை செய்வதில்லை.

பல்கேரியா நாட்டில் அத்தருக்காக ரோஜா பயிரிடுகிறார்கள். அங்கே பூப்பறிக்கும் பெண்கள் விடியற்காலையிலேயே வயலில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறினால் மண எண்ணெய் காற்றோடு போய்விடும். நாம் ஏன் இருட்டோடு மரம் வெட்டப் போகிறோம்? வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் குறைந்துவிடும். இரண்டு தொழிலுக்கும் ஒரே கடிகாரம். ஆகவே பூஜைக்கோ தலைக்கோ பூ வேண்டுமானால் காலை ஏழு மணிக்குள் பறித்துவிடுங்கள்.

சரி, செடிக்கு எங்கே போவது? விலை கொடுத்து வாங்க வேண்டாம். யார் வீட்டு வேலியிலாவது பழைய ரோஜா இருக்கும். அந்த அக்காவிடம் ஒரு குச்சி கேளுங்கள். பூத்து முடிந்த கிளையாக இருக்கட்டும். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், நாலைந்து கணு. அடியில் கணுவுக்குக் கீழே கூரான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். மழுங்கிய கத்தியால் நசுக்கினால் அந்த இடம் அழுகும். உச்சியில் இரண்டு இலையை விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஆற்று மணலும் மக்கிய தேங்காய் நாரும் சமமாகக் கலந்து, அதில் பாதிக்குச்சி மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். அடிப்பாகத்தை வெட்டிய தண்ணீர்ப் புட்டியால் மூடினால் ஈரம் நிற்கும். நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். நடுவில் பிடுங்கிப் பார்க்கக் கூடாது! எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு 40 குச்சி நட்டோம். தினமும் யாரோ ஒருவன் பிடுங்கி வேர் வந்துவிட்டதா என்று பார்த்து, திரும்பவும் செருகி வைத்திருக்கிறான். தப்பியவை 11. அவன் யார் என்று எனக்குத் தெரியும்; இன்று அவன்தான் வகுப்பிலேயே நன்றாகச் செடி வளர்ப்பவன், அதனால் பெயர் சொல்லவில்லை.

குச்சியைவிட நிச்சயமான வழி பதியம். நீளமான ஒரு கிளையைத் தாழ வளைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் அடிப்பட்டையில் லேசாகக் கீறி, அந்த இடத்தைப் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். தாய்ச்செடி பால் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் வேர் வந்தபின் வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம்.

நடும் இடம் காலை வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். இரவு மழையும் பனியும் இலையில் தங்காமல் சீக்கிரம் காய்வது மிக முக்கியம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். தகரக் கூரையின் தண்ணீர் சொட்டும் இடம் வேண்டாம். நம் நிலம் சரளை கலந்த செம்மண், அல்லது காலில் ஒட்டும் களி. இரண்டுமே புளிப்பு மண். ரோஜாவுக்கு இவ்வளவு புளிப்பு ஆகாது. இரண்டடி அகலம் இரண்டடி ஆழம் குழி வெட்டி, அந்த மண்ணோடு நன்றாக மக்கிய சாணம், கொஞ்சம் மணல், இரண்டு கைப்பிடி வேளாண்மைச் சுண்ணாம்பு சேர்த்து, இரண்டு வாரம் ஆறவிட்டு நடுங்கள். தண்ணீர் தேங்கும் தாழ்வான இடமானால் குழி வேண்டாம், மண்ணை மேடாக்கி நடுங்கள்.

இதில் என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். ஆசிரியையான முதல் ஆண்டில், சீக்கிரம் பூக்கட்டும் என்று ஈரம் காயாத கோழிச்சாணத்தைக் கூடை கூடையாக வேரில் கொட்டினேன். ஒரே வாரத்தில் இலை விளிம்பு கருகி, செடி போய்விட்டது. புதுச்சாணம் சூடு, இரண்டு மூன்று மாதம் மக்கவிட வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைத்தால், கேட்டு வாங்கி, மக்கவைத்து வேரைச் சுற்றி மூடாக்குப் போடுங்கள். அடித்தண்டில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போட வேண்டும்.

இனி, கொடி ரோஜா வளர்ப்பில் பலர் அறியாத சங்கதிக்கு வருகிறேன். ரோஜா உண்மையில் கொடி அல்ல. அவரையைப் போல் சுற்றாது, பாகலைப் போல் சுருள்கம்பி வீசாது. நீளமான கிளைகளை எறியும், அவ்வளவுதான். கட்டிவிடுவது நம் வேலை. எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் பூவே இருக்கிறது. கிளையை நேராக மேலே கட்டினால் உச்சி மொட்டு மட்டும் அதிகாரம் செய்யும். அங்கே சுரக்கும் ஒரு பொருள் கீழே இறங்கி, மற்றக் கணுக்களில் இருக்கும் மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கும். பூ கூரைக்கு மேலே பூக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ரசிப்பார். அதே கிளையைப் படுக்கையாக, வேலி நெடுகக் கட்டினால் உச்சியின் அதிகாரம் குறைந்துவிடும். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு சிறு கிளை எழும்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் பூ வரும்.

இதைப் பள்ளியில் செய்து காட்டினேன். ஒரே செடியில் ஏறத்தாழ ஒரே நீளமுள்ள இரண்டு கிளைகள். ஒன்றை நேராக நிறுத்திக் கட்டினோம், மற்றொன்றைப் படுக்கையாகக் கட்டினோம். இரண்டு மாதம் கழித்து எண்ணினோம். நேர்க்கிளையில் மூன்று பூ, படுக்கைக் கிளையில் பதினான்கு. பாட்டிக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் வேலியின் மூன்று கம்பிகளிலும் கிளைகளை அவர் படுக்கையாகவே கட்டியிருந்தார். "தலைய நிமித்துனா பூக்காது, பாப்பா" என்பார். பேச்சு செடியைப் பற்றித்தான். பிள்ளைகள் தலை நிமிர்ந்தே நடக்கட்டும்.

இளங்கிளையாக இருக்கும்போதே, ஒரேயடியாக இல்லாமல், வாரம் கொஞ்சமாக வளையுங்கள். கட்டுவதற்குக் கம்பி வேண்டாம், ராஃபியா கயிறும் வேண்டாம். தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். பழைய புடவைக் கிழிசல் போதும், எட்டு எழுத்துப்போல் தளர்வாகக் கட்டுங்கள். முதல் ஆண்டில் நீண்ட கிளைகளை வெட்டவே கூடாது. பிறகும், பூத்து முடிந்த சிறு கிளையை இரண்டு கணு விட்டு நறுக்கினால் போதும். மூன்று நான்கு ஆண்டு கடந்து தடித்துக் காய்ந்துபோன கிளையை மட்டும் அடியோடு எடுத்துவிடுங்கள். அடியிலிருந்து புதுக்கிளை வரும்.

நம் நாட்டில் ரோஜாவின் முதல் எதிரி கரும்புள்ளி நோய். இலையில் வட்டமாகக் கரும்புள்ளி விழும், சுற்றிலும் மஞ்சளாகும், இலை உதிரும். இது ஒரு பூஞ்சணம். இலை சுமார் ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அதன் வித்து முளைக்கும். காலை வெயில் வேண்டும் என்று முன்பு சொன்னதன் காரணம் இதுதான். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள். மாலையில் தெளிப்பது அதைவிட மோசம். உதிர்ந்த இலைகளைப் பெருக்கி அப்புறப்படுத்துங்கள். 1868இல் வந்த ஸெஃபிரின் ட்ரூவான் என்ற ரோஜாவுக்கு முள்ளே இல்லை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது என்று தோன்றும். ஆனால் கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகும்.

தாய்மார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பூச்சி வந்துவிட்டது என்று, தோட்டத்து மருந்தைச் சிறு புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வரும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவு செய்து வேண்டாம். குளிர்பானப் புட்டியில் இருப்பது மருந்து என்று குழந்தைக்குத் தெரியாது. பாராகுவாட் என்ற புல் மருந்து ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைக் கொல்லும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. நம் நாட்டில் 2020 தொடக்கத்திலிருந்து அது தடை செய்யப்பட்டிருக்கிறது. எங்கோ மூலையில் பழைய டின் கிடந்தாலும் தொடாதீர்கள், நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். மருந்து டின்னைக் கழுவிப் பூத்தொட்டியாக வைப்பதும், அதில் தண்ணீர் பிடிப்பதும் கூடாது. ரோஜாவில் இளங்கொழுந்தை மொய்க்கும் அசுவினிக்குக் கையால் நசுக்கிவிடுவதும் தண்ணீரைப் பீய்ச்சுவதும் போதும். வேலிக்கு வெளியே புல் மருந்து அடிக்கும் நாளில் செடியைச் சாக்கால் மூடிவையுங்கள். கிளைபோசேட் காற்றில் வந்து பட்டால் புதுத்தளிர் ஊசிபோல் மெலிந்து, துடைப்பம்போல் கொத்தாக வரும். அதை நோய் என்று நினைத்து மேலும் மருந்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.

தொட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1994இல் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலியிலிருந்த ரோஜாவைப் பிடுங்கிப் போக முடியவில்லை. அடித்தண்டு என் மணிக்கட்டுக் கனம். பாட்டி நாலு குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, லாரியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அடுக்குமாடி வீட்டின் நாலாவது மாடியில், வெயில் எட்டாத நடைவழியில், சின்ன வாளியில் நட்டோம். வீட்டில் உள்ளவர் எல்லோரும், நான் உட்பட, பாசத்தால் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு மாதத்தில் நாலும் அழுகிப்போயின. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாளியில் பிறகு வெங்காயம்தான் நட்டார்.

ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரியையாகப் போன வேறொரு தோட்டத்தில், பள்ளிக்கு வராத ஒரு பையனைத் தேடி அவன் வீட்டுக்குப் போனேன். வேலியைத் தாண்டும்போதே மணம் வந்தது. பையனை மறந்துவிட்டு நின்றுவிட்டேன். அவன் தாயைக் கேட்டபோது, "எங்க மாமியார் வச்சது டீச்சர். அவங்களுக்கு யாரோ பால்வெட்டுக்காரம்மா பதியம் போட்டுக் கொடுத்தாங்களாம்" என்றார். அந்த மாமியார் சிறிது காலம் எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அதே செடிதானா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பன்னீர் ரோஜா எத்தனையோ வீட்டில் இருக்கிறது. ஆனாலும் இரண்டு பதியம் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பாட்டிக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. பூவை மூக்கருகே கொண்டுபோய்ப் பிடித்தேன். "யாரு வீட்டுது?" என்று கேட்டார். சொன்னேன். "படுக்கையாத்தான கட்டியிருக்கா?" என்றார்.

வீடு மாறப் போகிறவர்கள் நேயர்களில் சிலர் இருப்பீர்கள். நாள் குறிக்கும்வரை காத்திராமல், இன்றைக்கே மூன்று பதியம் போட்டுவிடுங்கள். ஒன்று உங்களுக்கு, இரண்டு மற்ற வீட்டுக்கு. மாடி வீட்டுக்குப் போகிறவர்கள் அடியில் ஓட்டையிட்ட பெரிய பீப்பாயைத் தேடிக்கொள்ளுங்கள். ஒன்றரை அடிக்குக் குறைந்த ஆழம் போதாது. வெயில் படும் பக்கமாக வையுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, இரண்டாவது மடிப்பு வரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.